வழி நம்முடையது என்று சொன்னாயே

டர்பன்

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. எனக்கும்தான், ஆனால் காரணம் வேறு. நீ கப்பலை ஓட்டுகிற பொறுப்பில் இருந்தபோது அந்த இன்னொரு கப்பல் அவ்வளவு கிட்டத்தில் கடந்துபோனதைவிட, "வழி நம்முடையதுப்பா, விலக வேண்டியது அவன்தான்" என்று நீ சொன்ன தோரணைதான் உறுத்துகிறது.

விலக வேண்டியது அவன்தான், சரி. நீ அவனுக்கு வலப்பக்கம் வந்தாய், கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளில் 15-ஆவது அவனைத்தான் விலகச் சொல்கிறது. ஆனால் அதே புத்தகத்தில் 17 என்று ஒன்று இருக்கிறதே! அவன் விலகவில்லை என்று தெரிந்தால் நீ திருப்பலாம். அவன் ஒருவன் திருப்பி மோதலைத் தவிர்க்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால், நீயும் திருப்பியே ஆக வேண்டும். ஐந்து தடவை எச்சரிக்கைச் சங்காவது ஊதினாயா என்று கேட்டேன், நீ அம்மாவின் முழங்கால் வலியை விசாரிக்கப் போய்விட்டாய்.

நான் வக்கீல் இல்லை, இந்தத் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் வேலை பார்த்தவன். கோர்ட் தாளை ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்ற கப்பல்களைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மோதல் வழக்கில் முழுத் தப்பும் ஒருவன் தலையில் விழுவது அபூர்வம். 1910-இல் பிரஸ்ஸல்ஸில் போட்ட ஒப்பந்தப்படி யாருக்கு எவ்வளவு தப்போ அவ்வளவு பங்கு, பிரிக்க முடியாவிட்டால் பாதிப் பாதி. மோதியிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்: உன் கப்பலுக்குச் சேதம் 10 மில்லியன் ராண்ட், அவனுக்கு 4. தப்பு அவனுக்கு 70, உனக்கு 30 என்று கோர்ட் சொன்னால் அவன் உனக்கு 7 தரவேண்டும், நீ அவனுக்கு 1.2, கழித்தால் கைக்கு வருவது 5.8. வழி உன்னுடையதாக இருந்தும் மிச்சம் 4.2 உன் கப்பல் தலையில்தான். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறியிருந்தார் என்று சொல்லியும் தப்ப முடியாது, இங்கே அவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாலும் பொறுப்பு கப்பலுக்குத்தான்.

அதுகூட முதலாளியும் இன்சூரன்ஸும் பார்த்துக்கொள்ளும் காசு. கப்பலோட்டும் உன் சர்டிபிகேட்டை யார் திருப்பித் தருவார்கள்?

1977 டிசம்பரில் நம் தென்கரைக்கு அப்பால் வெனாயில், வென்பெட் என்று இரண்டு ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் மூடுபனியில் மோதிக்கொண்டன, நீ பிறக்காத காலம். ஒரே மாதிரிக் கட்டிய அக்கா தங்கை அவை. கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது.

லாக் புக்கில் அன்று எழுதியதை இப்போது அழகுபடுத்தாதே. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நீங்கள் பேசினதும் ரேடார் படமும் கறுப்புப் பெட்டியில் ஏறியிருக்கும். கேப்டனிடம் நீயே போய்ச் சொல். அடுத்த தடவை போன் பண்ணும்போது அந்தச் சங்கு விஷயத்தை முதலில் சொல், முழங்காலை அப்புறம் பார்க்கலாம்.

அப்பா