காலகேயருக்கு இருக்கும் இலக்கணம் எங்களுக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் சினிமாவுக்காக உருவாக்கிய மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை. அதில் பாகுபலி படத்துக் காலகேயர் பேசும் மொழியைப் பற்றி ஒரு வரி: ‘தர்மபுரிப் பக்கத்துக் கொச்சை மாதிரி, இலக்கணம் எதுவும் இல்லாமல் கரடுமுரடாக ஒலிக்கும் மொழி.’ காலையில் படித்தேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

முதலில் காலகேயருக்காகப் பேசிவிடுகிறேன், அவர்கள் கடிதம் போடப் போவதில்லை. 2015இல் வந்த பாகுபலியில் அவர்கள் பேசும் கிளிக்கியை உருவாக்கியவர் மதன் கார்க்கி என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதில் ‘நான்’ என்பதற்கு மின், ‘நீ’ என்பதற்கு நிம். ஒலியைத் திருப்பிப் போட்டால் ஆளே மாறிவிடுகிறார். இது இலக்கணம் இல்லாமல் வேறென்ன?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன், ஸ்டார் ட்ரெக் படங்களில் வேற்றுக்கிரகத்தார் பேசும் க்ளிங்கான் மொழியைப் பற்றியும் சொன்னான். மார்க் ஒக்ராண்ட் அதற்கு எழுதிய அகராதி 1985இல் வந்தது. செயப்படுபொருள் முதலில், அப்புறம் வினை, கடைசியில்தான் எழுவாய். பன்மைக்கு மூன்று விகுதிகள்: பேசத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, உடல் உறுப்புகளுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்ற தொல்காப்பிய வரியை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அந்த ‘மற்றதற்கான’ விகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டால், அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் என்று பொருளாம். எங்கள் பள்ளி மதிய இடைவேளைக்கு இதைவிடப் பொருத்தமான பன்மை கிடைக்காது.

சரி, எங்கள் கொச்சைக்கு வருகிறேன். இங்கே ‘பெரியவர் ஊருக்குப் போனார்’ என்றால் பஸ் ஏறியிருக்கிறார். ‘பெரியவர் போயிட்டார்’ என்று மொட்டையாகச் சொன்னால் மாலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு துணைவினையில் ஒரு உயிர் இருக்கிறது. இதைத் தவறாகச் சொல்லும் ஐந்து வயதுப் பிள்ளைகூட எங்கள் தெருவில் கிடையாது. விதி இல்லாமலா?

1980களில் சென்னையில் ஒரு பணியிடைப் பயிற்சி. நான் எழுந்து ஊர்ப் பெயரைச் சொன்னதுமே பயிற்சி நடத்தியவர், ‘ஓ, தெலுங்கும் கன்னடமும் கலக்கி அடிப்பீர்களே’ என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது தகடூர் என்று பழைய பேர் கொண்ட இந்தத் தர்மபுரியில்தான் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேரும் எந்தத் தமிழில் பேசிக்கொண்டார்கள் என்று தங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் எங்கள் நினைவு வருவது, யானை வாழைத்தோப்பில் இறங்கினால், ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடினால். தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பற்றி மூன்று வருஷம் முன்பு ஒரு கடிதம் எழுதினேன். வெட்டிச் சுருக்கி, கடைசியில் என்னைக் கிருஷ்ணகிரிக்காரன் ஆக்கிப் போட்டீர்கள். இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தது 2004 வரைதான், ஐயா.

அவதார் படத்துக்குப் பால் ஃப்ரோமர் உருவாக்கிய நாவி மொழியில், நம்மைப் போலவே, கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ வேறு, விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ வேறு. தங்கள் கட்டுரையாளர் கடைசிப் பத்தியில் ‘நம் தமிழ்’ என்று எழுதியிருக்கிறார். எங்களைச் சேர்த்தா, விலக்கியா?

அந்த வரிக்கு ஒரு திருத்தம், இரண்டு வரி போதும், போடுங்கள். இணைப்பிதழ் பாலக்கோட்டுக்குத் திங்கட்கிழமை வருகிறது. அதை ஞாயிற்றுக்கிழமையே அனுப்ப முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம் (கிருஷ்ணகிரி அல்ல).