திங்கப் புடிக்கறது சரி, உரத்துக்குப் புடிக்கறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல கொஞ்ச நாளா மீன் பத்தி வாசகர் கடிதம் மாறி மாறி வந்துட்டு இருக்கு. ஒருத்தர் மீன் புடிக்கறதே கொலைன்னு எழுதுனாரு, அதுக்குப் பதிலா இன்னொருத்தர் கடலம்மா அள்ள அள்ளத் தருவா, என்னத்த கொறஞ்சு போவப்போவுதுன்னு எழுதியிருந்தாரு. ரெண்டு பேரும் ஒரு நாள் காலம்பற எங்க பக்கத்து மீன் சந்தையில வந்து நின்னிருந்தா இந்த ரெண்டையும் எழுதியிருக்க மாட்டாவன்னு எனக்குத் தோணுது. நான் குமரி மாவட்டத்துல கேரள எல்லையில உள்ள களியக்காவிளை பக்கம் சின்னதா ஒரு சாப்பாட்டுக்கடை நடத்துதேன், மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் தான் ஓட்டம், அதனால நான் நடுநிலைவாதின்னு எல்லாம் சொல்லிக்க மாட்டேன், மீன் செத்தா தான் எனக்க கடையில அடுப்பு எரியும்.

முதல்ல அந்தக் கொலை விசயத்துக்கு வாறேன். மீனுக்கு வலிக்காது, அது ரத்தம் குளிர்ந்த ஜீவன்னு நம்ம எல்லாரும் சொல்லிக்கிட்டே வந்தோம், அது நம்ம மனசு சமாதானத்துக்கு சொன்னது. 2003ல பிரிட்டன்ல லின் ஸ்னெடன்னு ஒரு விஞ்ஞானியும் அவங்க கூட உள்ளவங்களும் டிரவுட் மீன் உதட்டுல தேனீ விஷம், அசிட்டிக் ஆசிட் இதெல்லாம் ஊசியில ஏத்திப் பாத்தாவ, ஆசிட் ஏத்துன மீன் அடியில கெடந்த கல்லுல உதட்டக் கொண்டு போய் தேய்ச்சுது, ரொம்ப நேரத்துக்கு இரையே எடுக்கல. அதுக்குப் பெறவு 2022ல அந்த நாட்டுல நண்டு, சிங்கிறால், கணவாய் எல்லாத்துக்கும் உணர்ச்சி உண்டுன்னு சட்டத்துலயே எழுதிட்டாவ. எங்க கடையில நண்ட ஐஸ்ல போட்டு மரக்க வச்சுத் தான் இப்பம் வெட்டுதோம், சிரிக்கறவன் சிரிக்கட்டும். ஆக வலி உண்டு, கொல்லுதோம், அதுல பூசி மெழுக ஒண்ணும் இல்ல.

ஆனா அதுக்காக எங்க குமரி மேக்குக் கரையில நீரோடி தொட்டு இரயுமன்துறை வரைக்கும் உள்ள ஜனத்தப் பாத்து நீங்க கொலைகாரன், தொழில விடுன்னு சொல்லுறதுக்கு எனக்கு நாக்கு வராது. 2017 நவம்பர் 30 ஓகி புயல்ல அந்தக் கரையில எத்தன வீட்டுல ஆம்பளயாளு திரும்பி வரல்லன்னு இந்தப் பக்கம் உள்ள எல்லாருக்கும் தெரியும். ஆழ்கடல்ல தூண்டில் போட்டு ஒவ்வொரு மீனா ஏத்துறவனும், அடிக்கடலையே வழிச்சு எடுக்குற இழுவை மடியும், அதான் இழுவை வலையும், ஒண்ணுன்னு சொன்னா அது நியாயமே இல்ல.

எனக்குக் கோடு வேற எடத்துல. திங்கறதுக்குக் கொன்னா ஒரு கணக்கு, திங்காமலேயே கொன்னா வேற கணக்கு. டென்மார்க்குக்கு உட்பட்ட பாரோ தீவுகள்ல 2021 செப்டம்பர் 12ஆம் தேதி ஒரே நாள்ல 1,428 டால்பின கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்து வெட்டுனாவ. அங்க அது தலைமுறை தலைமுறையா உள்ள பழக்கம், கறிய ஊருக்குள்ள பங்கு வச்சு எடுப்பாவ, ஆனா அந்தத் தடவ அந்த ஊர்க்காரங்களே இது ரொம்ப அதிகம், இவ்வளவையும் யாரு திங்கப்போறான்னு கோவப்பட்டாவ பாருங்க, அந்தக் கோவம் எனக்குப் புரியுது. டால்பின் அழகா இருக்கும், சிரிக்க மாதிரி இருக்கும், அதனால உலகம் முழுக்க போட்டோ போச்சு. நம்ம பொடிச் சாளைக்கு யாரு போட்டோ எடுப்பா.

அந்தப் பொடிச் சாளைய பத்தித் தான் நான் எழுத வந்ததே. விரல் நீளம் கூட இல்லாத சாளை, கண்ணு மட்டும் பெருசா தெரியுற அயிலைக் குஞ்சு, வாலு நூலு மாதிரி இருக்குற வாளைக் குஞ்சு, எல்லாத்தையும் சேத்து மண்ணு அள்ளுற மாதிரி அள்ளி லாரியில தட்டுதாவ, ஐஸ் கூட போட மாட்டாவ, ஏன்னா அது மனுசன் திங்கறதுக்கு இல்ல, மீன்பொடி மில்லுக்குப் போவுது, அங்கேருந்து கோழித்தீவனம், இறால் பண்ணைத் தீவனம், தென்னைக்கு உரம்னு போயிரும். உலகம் முழுக்க வருசத்துக்கு 2 கோடி டன் மீனுக்கு மேல இப்படி சாப்பாட்டுக்கு இல்லாம போவுதுன்னு ஐநாவோட உணவு விவசாய அமைப்பு கணக்கு சொல்லுது. மடிக்கண்ணி, அதாவது வலையோட ஓட்டை, சின்னதா இருந்தா எல்லாம் தான் மாட்டும், மாட்டுனத தூக்கி எறிஞ்சாலும் செத்துத் தான் கெடக்கும், அதுக்கு வெலையும் கிடைக்கும்னா எவன் கண்ணிய பெருசாக்குவான் சொல்லுங்க.

கேரளத்துல இதப் பாத்து முழிச்சாவ, முழிக்க வேண்டியதாயிட்டு. 2012ல அங்க சாளை மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைச்சுது, 2021ல வெறும் 3,297 டன். கொச்சியில உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கு இது, கையெழுத்துப் பிழை இல்ல, மூவாயிரத்து சொச்சம் தான். முழுக்க மடி மேல பழியப் போட முடியாது, கடல் சூடாவுறது, எல்நினோ, மழை மாறுறதுன்னு காரணம் நெறைய உண்டு, சாளைக்கு அப்படி ஏறி எறங்குற கொணமும் பண்டே உண்டு. ஆனா ஏற்கனவே கொறஞ்சு கெடக்குற வருசத்துல குஞ்சையும் வழிச்சா அது எப்படி மறுபடி ஏறும்? அதுக்குத் தான் அவிய சட்டம் போட்டாவ, சாளைன்னா 10 செண்டிமீட்டர், அயிலைன்னா 14, வாளைன்னா 46, அதுக்குக் கீழ புடிக்கப்பிடாதுன்னு. முதல்ல 14 வகைக்கு இருந்தது, 2017ல 58 வகையாக்கிட்டாவ. மீறுனா மீன்புடி போட்ட (படக) புடிச்சு வைப்பாவ, மீன திரும்பக் கடல்ல கொட்டுவாவ, ஃபைன் போடுவாவ, அந்த ஊரு பேப்பர்ல அடிக்கடி வரும்.

அதுல உள்ள கூத்து என்னன்னா, கேரள எல்லையில உள்ள பாறசாலைய தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டா அதே குஞ்சு மீனுக்கு அளவுகோல் வைக்க ஆள நான் பாத்ததில்ல. அங்கன்னா ஃபைன், இங்கன்னா ஏலம்னு சந்தையில ஒளிவு மறைவு இல்லாம பேசுதாவ. தடைக்காலத்தையே எடுத்துக்கிடுங்க, கேரளத்துல ஜூன் 9 ராத்திரி தொடங்கி ஜூலை 31 வரைக்கும் 52 நாள், நம்ம மேக்குக் கடலுக்கு ஜூன் 1 தொட்டு ஜூலை 31 வரை 61 நாள், நம்ம கிழக்குக் கடலுக்கோ ஏப்ரல் 15 தொட்டு ஜூன் 14. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே சின்னமுட்டத்துக்கு ஒரு தடைக்காலம், தேங்காப்பட்டணத்துக்கு ஒரு தடைக்காலம். நம்ம போட்டு கட்டிப் போட்டிருக்க முதல் ஒரு வாரம் பக்கத்து மாநில போட்டு கடல்ல ஓடும், இதப் பாத்து வயிறெரியாத போட்டுக்காரன் இருந்தா அவன் புத்தன் தான்.

இந்த இழுவை மடி நம்ம கரையில பாட்டன் காலத்துல இருந்து உள்ளது இல்ல. 1953ல கொல்லம் நீண்டகரைப் பக்கம் இந்தோ நார்வே திட்டம்னு அரசாங்கமே கொண்டு வந்தது, முதல்ல மீனவன் வாழ்க்கை உயரணும்னு தான் தொடங்குனாவ, பெறவு இறால் ஏற்றுமதியில பணம் கொட்டவும் இழுவை போட்டு பெருகிட்டு, மானியமும் குடுத்தாவ. அப்பம் இது கூடாது, எங்க கடல் மொட்டையாவுதுன்னு முதல்ல கத்துனது யாரு? காட்டு விலங்குக்கு சங்கம் வச்சிருக்கவங்க இல்ல, டில்லியில இருந்து வந்த அதிகாரியும் இல்ல. கட்டுமரத்துலயும் வள்ளத்துலயும் போற சின்ன மீனவன் தான். 80கள்ல கேரளத்துல தாமஸ் கோச்சேரி மாதிரி பாதிரியாருங்க, கன்னியாஸ்திரிங்க எல்லாம் உண்ணாவிரதம் இருந்து, ரோட்டுல கெடந்து, அரசு கமிட்டி மேல கமிட்டி போட்டு, கடைசியில 1988ல தான் மழைக்கால இழுவைத் தடை வந்தது. மீன் புடிக்கறதே கொலைன்னு எழுதுன அந்த அண்ணாச்சிக்கு இது தெரியணும், கடல விடுங்கடான்னு முதல்ல கேட்டதே மீனவன் தான்.

கனடாவுலயும் இதே கதை. நியூஃபவுண்ட்லாந்துக் கரையில காட் மீனு ஐநூறு வருசமா புடிச்சும் தீரல, பெரிய பெரிய பாக்டரி கப்பல் வந்து கொஞ்ச காலத்துல தீத்துட்டு. கரையோரம் சின்னதா புடிக்கறவங்க மீன் கொறையுது, சின்னதாவுதுன்னு முன்னாடியே சொன்னாவ, கேக்கல்ல. 1992ல புடிக்கவே கூடாதுன்னு தடை போட்டப்போ ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே அடியா வேலை போச்சு. கடலம்மா அள்ள அள்ளத் தருவான்னு எழுதுனவருக்கு இத யாராவது படிச்சுக் காட்டுங்க.

சுறா விசயம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல, அதையும் மறைக்காம சொல்லிருதேன். தூத்தூர்க்காரங்க சுறாத் தூண்டில்ல பேரு போனவங்க, குஜராத் வரைக்கும் லட்சத்தீவு வரைக்கும் போவாவ. தூவிய, அதாவது துடுப்ப, மட்டும் அறுத்துட்டு ஒடம்ப கடல்ல தள்ளுற பழக்கம் எங்களுக்குக் கிடையாது, தலை முதல் வால் வரைக்கும் விப்போம்னு அவிய சொல்லுறதும் உண்மை தான், கேரளத்துல சுறாக்கறிக்கு எப்பவும் ஆளு உண்டு, இந்தப் பக்கம் புள்ளை பெத்தவளுக்கு பால்சுறா குடுக்காத வீடு கிடையாது. 2015ல தூவி ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டதும் அடி வாங்குனது இந்த ஊருங்க தான். ஆனா சுறா சாளை மாதிரி ஆயிரம் ஆயிரமா முட்டை போடுற ஜாதி இல்ல, பல வகை பருவத்துக்கு வரவே பல வருசம் ஆவும், வந்தாலும் கொஞ்சம் குட்டி தான் போடும். 1970க்குப் பெறவு ஆழ்கடல் சுறாவும் திருக்கையும் உலகம் முழுக்க 71 சதவீதம் கொறஞ்சிட்டுன்னு 2021ல நேச்சர் பத்திரிகையில வந்தது. அப்பம் தூவிய வித்தாலும் முழுசா வித்தாலும் சுறாவுக்கு ஒண்ணு தானே. தூத்தூர்ல இப்பம் நெறைய பேரு சூரைக்கு மாறிட்டாவ, அதுக்கு அரசு கை குடுத்தா நல்லது, போட்டுக்கடன் வாங்கி வச்சிருக்கவன்ட்ட வெறும் தடை உத்தரவ நீட்டுனா அவன் என்ன செய்வான்.

குஜராத்துல ஒரு நல்ல காரியம் நடந்துது. வெராவல் பக்கம் திமிங்கலச்சுறாவ அதோட ஈரல் எண்ணெய்க்காகக் கொன்னுட்டு இருந்தாவ, மரப்போட்டுக்குப் பூச அந்த எண்ணெய் வேணும். 2001ல அதுக்கு சட்டப் பாதுகாப்பு வந்தது, ஆனா சட்டத்துல மட்டும் நிக்கல, மொராரி பாபுன்னு அங்க கதை சொல்லுற பெரியவர் இது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வாற மக மாதிரின்னு ஊர் ஊரா சொன்னாரு, மடிய அறுத்து மீன விட்டா மடிக்கு உண்டான காச வனத்துறை குடுத்துது. நூத்துக்கணக்கா திமிங்கலச்சுறா உயிரோட கடலுக்குத் திரும்பிப் போயிருக்கு. மீனவன்ட்ட மரியாதையா பேசி, நட்டத்துக்குக் காசும் குடுத்தா அவன் மடியையே அறுப்பான்.

இன்னொண்ணு, பேச்சுவாக்குல சொல்லிருதேன். 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3ன்னு கப்பல் முங்குனதுல வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் குருணை நம்ம குமரிக் கரை வரைக்கும் வந்து ஒதுங்குச்சு, மீன் வாங்க ஆளு பயந்துச்சு, எங்க கடையிலயே கொஞ்ச நாள் மீன்கறி ஓடல்ல. கடல் உயிருக்காக கண்ணீர் விடுறவங்க அந்த மாதிரி நேரத்துலயும் ரெண்டு வரி எழுதுனா நல்லாருக்கும்.

சரி, நான் கேக்குறது இது தான். குஞ்சு மீன் சட்டத்த வள்ளத்துல போறவன் தலையில மட்டும் கட்டாதீங்க, வாங்குறவன புடிங்க. மீன்பொடி மில்லு வாசல்ல லாரி நிக்கும், எடை போடுவான், பில்லு உண்டு, கடல்ல ராத்திரி போட்டத் தேடி விரட்டுறத விட அங்க ஒரு ஆபீசர் ஸ்கேலோட நிக்கறது ரொம்ப சுலபம். மில்லு வாங்கலன்னா குஞ்சுக்கு வெலை இல்ல, வெலை இல்லன்னா மடிக்கண்ணி தானா பெருசாவும். அளவு ரெண்டு மாநிலத்துக்கும் ஒண்ணா இருக்கணும், தடைக்காலமும் இந்த மேக்குக் கடல் முழுக்க ஒரே தேதியில தொடங்கி ஒரே தேதியில முடியணும், அந்த 52க்கும் 61க்கும் நடுவுல உள்ள நாளுக்கு யாரு போராடுனாலும் ரெண்டு அரசும் உக்காந்து பேசித் தீக்கட்டும். என்னைப் போல கடைக்காரங்களும் பொடிச்சாளை வறுவல்னு போர்டுல எழுதி விக்கறத நிறுத்தணும், எங்க கடையில நிறுத்தியாச்சு, யாவாரம் ஒண்ணும் படுத்துரல்ல.

தடை முடிஞ்சு ஆகஸ்ட் 1ஆம் தேதி போட்டுங்க எல்லாம் கடலுக்கு எறங்கும், முதல் ரெண்டு வாரம் தான் குஞ்சு அதிகமா மாட்டும்னு சந்தைக்காரங்க சொல்லுவாவ. அதுக்கு முன்னாடி ரெண்டு மாநில மீன்வளத்துறையும் களியக்காவிளையிலயோ கொல்லங்கோட்டுலயோ ஒரு கூட்டம் போடட்டும், போட்டுக்காரங்க, வள்ளக்காரங்க, மில்லுக்காரங்களோட மீன் விக்குற அம்மாமாரையும் கண்டிப்பா கூப்பிடணும், எந்த லாரி எத்தன மணிக்கு எந்த மில்லுக்குப் போவுதுன்னு அவியளுக்குத் தான் முழுசா தெரியும்.

இப்படிக்கு,
ஒரு சாப்பாட்டுக்கடைக்காரன்,
களியக்காவிளை.