ஒரு மூட்டை காப்பியும் லண்டன் வக்கீலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், நீதிமன்றங்களைச் சிரிப்புக்கு இடமாக்கும் தொலைக்காட்சித் தொடர்களைக் கண்டித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பாவத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது 'ரம்போல் ஆஃப் தி பெய்லி' என்ற ஆங்கிலத் தொடர்தான் என்றும், அதன் நாயகன் ரம்போல் திருடர்களைத் தப்பவைப்பதையே பெருமையாகக் கொண்ட குடிகார வக்கீல் என்றும், இத்தகைய பாத்திரங்களால் நீதித்துறையின் மேல் மக்களுக்குள்ள மதிப்புக் குறைகிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சேலத்தில் குற்றவியல் வழக்குகளை மட்டுமே நடத்திவந்த ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 34 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில், இதற்கு ஒரு மறுப்பு எழுத எனக்கு ஓரளவு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஐயாவின் மைத்துனர் லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் இந்தத் தொடரின் வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவருவார். மறுநாள் கோர்ட் இல்லை என்பதால் சனிக்கிழமை இரவுகளில் ஐயா என்னையும் உட்காரவைத்துக்கொண்டு பார்ப்பார். ஆங்கிலம் எனக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும் இடங்களில் நிறுத்தி விளக்குவார். கதையை எழுதிய ஜான் மார்ட்டிமர் தாமே பாரிஸ்டர். 1966இல் குயின்ஸ் கவுன்சல், அதாவது அங்கே மூத்த வக்கீல்களுக்குத் தரப்படும் பட்டம், பெற்றவர். வழக்குகளை நடத்திக்கொண்டே கதைகளும் எழுதியவர். 1975இல் பி.பி.சி.யில் தனி நாடகமாக வந்த ரம்போல், 1978 முதல் 1992 வரை தேம்ஸ் தொலைக்காட்சியில் ஏழு தொகுப்புகளாக நீண்டார். நடித்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த லியோ மெக்கர்ன். இளவயதில் ஒரு விபத்தில் இடது கண்ணை இழந்து செயற்கைக் கண் வைத்துக்கொண்டவர். அவர் சாட்சியை உற்றுப் பார்க்கும்போது எந்தக் கண் பார்க்கிறது என்று சாட்சிக்கே தெரியாது. குறுக்கு விசாரணைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று ஐயா பொறாமைப்படுவார்.

கட்டுரையாளர் சொல்வதுபோல் அத்தொடரில் சிரிப்பு ஏராளம். ஆனால் அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. சாட்சி வாயைத் திறக்குமுன்பே தீர்ப்பை மனத்துக்குள் எழுதிவிடுகிற புல்லிங்ஹாம் என்ற நீதிபதியின் மேல் விழுகிறது. வழக்கைவிடப் பட்டத்தையும் பதவியையும் பற்றியே கவலைப்படும் சக வக்கீல்களின் மேல் விழுகிறது. வழக்குக் கட்டே வராமல் குமாஸ்தா அறையில் கோல்ஃப் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருக்கும் கிழவர் அங்கிள் டாமைப் பார்த்தபோது, எங்கள் வக்கீல் சங்க அறையில் ஒரே செய்தித்தாளைக் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை படித்த ஒரு பெரியவரின் நினைவு எனக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ரம்போலின் மேலேயே விழுகிறது. அங்கியில் சுருட்டுச் சாம்பல், மாலையானால் பொம்மராய் கடையின் மட்டமான ஒயின், வீட்டுக்குப் போனால் சொல்லுக்கு மறுசொல் இல்லாத மனைவி ஹில்டா. தலைமுறை தலைமுறையாகச் சில்லறைத் திருட்டையே குலத்தொழிலாகக் கொண்ட டிம்சன் குடும்பத்தின் வழக்குகளில்தான் அவருடைய பிழைப்பு பெரும்பாலும் ஓடுகிறது. எங்களுக்கும் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைக்கும் வக்காலத்து எழுதியவன் நான். தீபாவளிக்குத் தவறாமல் பட்டாசும் இனிப்பும் கொண்டுவருவார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று நாங்கள் கேட்டதில்லை.

சட்டத்தின் மேல் மட்டும் அந்தச் சிரிப்பு ஒருநாளும் விழுவதில்லை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற விதியை ரம்போல் 'தங்க இழை' என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அது அவருடைய கற்பனைச் சொல் அன்று. மனைவியைச் சுட்டுக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்ற உல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளியை 1935இல் அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை விடுவித்தபோது, சாங்கி பிரபு தம் தீர்ப்பில் எழுதிய சொல் அது. நம் நாட்டில் அதே பொறுப்பை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 101ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 104ஆம் பிரிவு. (வாழ்நாள் முழுவதும் பழைய தண்டனைச் சட்டத்தின்படி 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று மனப்பாடமாக இருந்தவனுக்கு இப்போது 103 என்றும் 318 என்றும் சொன்னால் ஏதோ பேருந்து எண் போலத்தான் காதில் விழுகிறது. அது வேறு கதை.)

திருடன் என்று தெரிந்தே வக்கீல் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறார் என்பது கட்டுரையாளரின் அடுத்த குற்றச்சாட்டு. ரம்போல் அப்படிச் செய்பவர் அல்லர். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்பவர்தான். ஆனால் செய்தது நான்தான் என்று கட்சிக்காரர் தம் வாயால் வக்கீலிடம் சொல்லிவிட்டால், அதன்பிறகு அவர் நிரபராதி என்று நின்று வாதாட அந்த நாட்டுத் தொழில் ஒழுக்கம் இடம் தராது. முதல் தொகுப்பிலேயே கஞ்சா வழக்கில் சிக்கிய ஒரு பெண், ரம்போலின் மேல் உள்ள நம்பிக்கையில் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அந்த நம்பிக்கையே அவர் கையைக் கட்டிப்போட, அவள் சிறைக்குப் போகிறாள். அந்த கேசட் முடிந்த இரவு ஐயா விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கேலிக்கூத்து பார்த்தவர் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

பெரிய பேச்சால் அன்றி, ஒரு சின்னக் கேள்வியால் வழக்கு நிற்கிறது அல்லது விழுகிறது என்பதை நான் அறிந்தவரை இத்தொடரைப்போல் எதுவும் காட்டவில்லை. ரம்போலுக்கு ரத்தக்கறைகளைப் பற்றித் தெரிந்தது தொழில்முறை நிபுணர்களுக்கே தெரியாது என்பது அவருடைய பெருமை. எங்கள் ஐயாவுக்கு ரத்தக்கறையைப் பற்றி அவ்வளவு தெரியாது. ஆனால் காப்பி பற்றித் தெரிந்துகொண்டார். அதில் அடியேனுக்கும் சிறு பங்கு உண்டு.

சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட். டிசம்பர் மாதம், பறிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம். அன்று பறித்த பழம் ஒரு மூட்டை இரவில் காணாமல் போனதாக எஸ்டேட்டின் கணக்கெழுத்தரான ரைட்டர் புகார் கொடுக்கிறார். மறுநாள் காலையிலேயே மலையடிவாரத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடிசையிலிருந்து மூட்டை கைப்பற்றப்படுகிறது. பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் மகஜர் ஒழுங்காக இருக்கிறது, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது, ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. கட்டைப் புரட்டிய ஐயா, இதில் பேச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். என் தாயார் பிறந்தது மலைமேல் ஒரு கிராமத்தில். சிறுவனாக விடுமுறைக்குப் போனபோதெல்லாம் காப்பிக் களத்தில் காக்கை ஓட்டியவன் நான். மகஜரைத் தட்டச்சு செய்யும்போது 'காப்பிக்கொட்டை சுமார் 40 கிலோ' என்று வந்த வரியில் என் விரல் நின்றது. ஐயாவிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே என்னை அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஒரு சிறு தோட்டக்காரரின் களத்தில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டார்.

ரைட்டர் கூண்டில் ஏறினார். மூட்டையும் சான்றுப் பொருளாகக் கூண்டருகே இருந்தது. காணாமல் போனது அன்று பறித்த பழம்தானே என்று ஐயா கேட்டார். ஆமாங்க. பழம் என்ன நிறம்? சிவப்புங்க. இந்த மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுங்கள். எடுத்தார். உள்ளங்கையில் இருந்தது வெளிறிய வைக்கோல் நிறத்தில், மெல்லிய தோடு மூடிய உலர்ந்த கொட்டை. இது என்ன? ரைட்டர் நேர்மையானவர், பார்ச்மென்ட்டுங்க என்றார். பழம் பார்ச்மென்ட் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்? பல்பரில் தோலுரித்து, தொட்டியில் போட்டு, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைக்கணுங்க. எத்தனை நாள்? வெயில் அடித்தால் எட்டு நாள், பத்து நாள். மூட்டையைப் பிடித்தது எப்போது? மறுநாள் காலையிலங்க. "அப்படியானால் அந்த ஒரே ராத்திரியில் பத்து நாள் வெயில் அடித்திருக்கிறது" என்றார் ஐயா, குரலை உயர்த்தாமல்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று யோசித்தவர்போல் நின்றார், உட்கார்ந்துவிட்டார். தஞ்சைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த மாஜிஸ்திரேட், தமக்கு டிகிரி காப்பியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று சொல்லி, அந்தக் கொட்டையை ஒன்று வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார். கோர்ட் முழுவதும் சிரித்தது; அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பால் நீதிமன்றத்தின் மதிப்பு ஒரு இழையும் குறையவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த எதிரியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுரையாளர் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது வேறொன்று. லண்டனில் வாடகை வண்டி வரிசைபோல, முன்னால் வந்து நிற்கும் கட்சிக்காரரை வக்கீல் மறுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நம் வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளும் அதையே சொல்கின்றன. அப்படியிருந்தும், மக்கள் கொதிக்கிற ஒரு வழக்கு வந்துவிட்டால், அந்த எதிரிக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று சங்கங்கள் தீர்மானம் போடுவதைப் பார்க்கிறோம். கோவையில் எழுந்த ஒரு வழக்கிலேயே, இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, வழக்கறிஞர் தொழில் நெறிக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இது சேலத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியும் அன்று. பின்னாளில் 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சி. விஜயராகவாச்சாரியார், இதே ஊரில் வக்கீல் தொழில் தொடங்கிய புதிதில் 1882ஆம் ஆண்டுக் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் பெற்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையானவர். ஊரே குற்றவாளி என்று சொல்லுகிற மனிதன் குற்றவாளியாக இருந்தே தீர வேண்டியதில்லை என்பதற்கு நாம் லண்டன் வரை போக வேண்டாம்.

நம் திரைப்படங்களும் தொடர்களும் காட்டுகிற நீதிமன்றமோ வேறு உலகம். நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார். 34 ஆண்டுகளில் எந்த மேசையிலும் நான் சுத்தியலைக் கண்டதில்லை, இங்கிலாந்து நீதிபதிகளும் அதைப் பயன்படுத்துவதில்லை, அது அமெரிக்காவிலிருந்து வந்த ஒட்டுச்சரக்கு. வக்கீல் கண்ணீர் மல்கப் பத்து நிமிடம் பேசுகிறார், கடைசி நொடியில் கதவைத் திறந்துகொண்டு ஒரு சாட்சி ஓடிவருகிறார். வாய்தா மட்டும் யாருக்கும் கிடைப்பதேயில்லை! அந்த வசனங்களின் அழகை நானும் ரசித்தவன்தான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் பழைய வளைவைக் கடந்தே தினமும் வேலைக்குப் போனவனுக்கு சினிமா வசனத்தின் மேல் வெறுப்பு இருக்க முடியாது. ஆனால் குறுக்கு விசாரணை என்றால் என்ன, சந்தேகத்தின் பலன் ஏன் எதிரிக்குப் போகிறது என்பது நம் பார்வையாளர்களுக்கு அவற்றால் விளங்கவில்லை. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வெயிலில் கருப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கட்டும் மறுகையில் டீயுமாக நிற்கிற ஒரு நடுத்தர வக்கீலை நாயகனாக வைத்து எவராவது தமிழில் ஒரு நகைச்சுவைத் தொடர் எடுத்தால், அதைத் தங்கள் நாளிதழ் கண்டிக்காமல் வரவேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குமாஸ்தாவுக்கும் அதில் ஒரு நல்ல வேடம் கொடுக்கலாம். ரம்போலின் குமாஸ்தா ஹென்றிதான் அங்கே யாருக்கு எந்த வழக்கு என்பதையே ஏற்பாடு செய்கிறார். எங்கள் காலத்தில் எங்களுக்கு அந்த யோகம் இல்லை, பேருந்துக் கட்டணத்துக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காப்பி வழக்கில் எதிரி விடுதலையானார். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் மூட்டையை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. எஸ்டேட் தரப்பில், எங்களுடையது பழம், இது எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டார்கள். எதிரியை அழைத்துக் கேட்டதற்கு, அந்த மூட்டையை இனிக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன் சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அது சான்றுப் பொருள் அறையிலேயே கிடந்தது. நான் ஓய்வுபெறும் வாரத்தில் ஆசைக்கு ஒருமுறை பெஞ்ச் கிளார்க்கைக் கேட்டேன். பாதிதான் மிச்சம், எலிகள் தின்றுவிட்டன என்றார். அவற்றின் மேல் இதுவரை வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
சேலம்.