கீழாநெல்லின்னு மட்டும் போட்டா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல டெல்டா மூலிகைகள் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கீழாநெல்லி மஞ்சக்காமாலையை முழுசா குணமாக்கும்னு ஒரே வரில போட்டுட்டுப் போயிட்டாங்க, அதை என்னால அப்படியே விட முடியல. நான் திருத்துறைப்பூண்டில மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன், காமாலைன்னு சீட்டோட வர்றவங்க நிறைய பேரு அதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு பச்சிலையை அரைச்சு மோர்ல குடிச்சிருப்பாங்க, என்ன செடின்னு கேட்டா கீழாநெல்லிதாம்மா, வரப்புல பறிச்சதும்பாங்க. நம்ம வரப்புல அதே ஜாடைல மூணு நாலு செடி இருக்கு, தண்டு சிவப்பா ஒண்ணு, காய் மேல் பக்கம் நிக்கிற மேலாநெல்லி ஒண்ணு, எல்லாம் பக்கத்துப் பக்கத்துலயே முளைக்கும். தென்னிந்திய கடைகள்ல கீழாநெல்லின்னு வித்ததை வாங்கி டிஎன்ஏ வரைக்கும் சோதிச்சுப் பார்த்தப்ப அதுலயும் வேற இனங்கள் கலந்திருந்துச்சு.

மூலிகைல ஒண்ணும் இல்லன்னு சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. இதே கீழாநெல்லியை வச்சு மெட்ராஸ்ல தியாகராஜன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழுவும், கல்லீரலைத் தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சதுக்காக 1976ல நோபல் வாங்கின புளூம்பெர்க்கும் சேர்ந்து ஒரு சோதனை பண்ணி 1988ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல போட்டாங்க. அந்த வைரஸ் உடம்புல தங்கிட்டவங்கள்ல கீழாநெல்லிப் பொடி 30 நாள் சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸோட அடையாளம் மறைஞ்சிருந்துச்சு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுச்சு. படிக்கிறப்பவே நெஞ்சு நிமிருது இல்லையா? ஆனா அதுக்கப்புறம் தாய்லாந்துலயும் நியூசிலாந்துலயும் செஞ்சு பார்த்தப்ப அந்தப் பலன் வரல. செடி வேறயா, மண்ணு வேறயா, பறிச்ச காலம் வேறயா, இல்ல முதல் சோதனை சின்னதா இருந்ததா, இதெல்லாம் உக்காந்து பார்க்க வேண்டிய கேள்வி, உங்க கட்டுரைல இதுல ஒண்ணு கூட இல்ல. இன்னொண்ணு, தண்ணி மூலமா வர்ற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாவே சரியாயிடும், அப்ப எதைக் குடிச்சிருந்தாலும் அதுதான் குணமாக்குச்சுன்னுதான் தோணும்.

செடி மாறினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க பெல்ஜியத்தைப் பாருங்க. 1990கள் தொடக்கத்துல அங்க உடம்பு இளைக்கிற மருந்துல ஒரு சீன மூலிகைக்குப் பதிலா ஆடுதின்னாப்பாளை குடும்பத்துச் செடி கலந்து போச்சு, நூறு பேர் கிட்ட பொம்பளைங்களுக்கு கிட்னி கெட்டுச்சு, பல பேருக்குப் பின்னாடி மூத்திரப் பாதைல கேன்சரும் வந்துச்சு. அதுல இருக்கிற அரிஸ்டலோகிக் அமிலம் மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பே முதல் வகைல வச்சிருக்கு. ஆடுதின்னாப்பாளை நம்ம ஊர்லயும் சும்மா தரிசுல கிடக்குற செடிதான், பிள்ளைங்களுக்குப் பூச்சி மருந்தா இன்னைக்கும் குடுக்குறாங்க, அதை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்குது.

சோதிச்சு அளவு கட்டினா என்ன கிடைக்கும்கிறதுக்கும் பக்கத்துலயே சாட்சி இருக்கு. வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிர் பண்ற செங்காந்தள், அதோட கிழங்கு உயிரையே எடுத்துடும், ஆனா அந்தச் செடில இருந்து பிரிச்ச கோல்சிசின் கவுட் வாதத்துக்கு மாத்திரையா என் கடை அலமாரில இருக்கு, அரை மில்லிகிராம் அளவுல. 2023ல அமெரிக்காவுல இதய நோய் உள்ளவங்களுக்கு மாரடைப்பைக் குறைக்கவும் அதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. விதை நம்மளுது, ஆராய்ச்சி எல்லாம் எங்கேயோ நடக்குது.

இது நமக்குப் புதுசும் இல்ல. தஞ்சாவூர்ல சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால்னு வச்சு மருந்துகளை நோயாளிக்குக் குடுத்துப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னவர், கண் நோயாளிங்களோட கேஸ் குறிப்பும் கண்ணு வரைஞ்ச படமும் சரஸ்வதி மகால் நூலகத்துல இன்னும் இருக்கு. இருநூறு வருஷம் முன்னாடி யாருக்கு என்ன குடுத்தோம்னு எழுதி வச்ச ஊர்ல இன்னைக்கு என்ன செடின்னே தெரியாம குடிக்கிறோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைல இத்தனை காலேஜ்ல பாட்டனி, கெமிஸ்ட்ரி இருக்கு, நாட்டு மருந்துக் கடைக்காரரோ மூலிகை பறிக்கிற அக்காவோ ஒரு பிடி இலையைக் கொண்டு போய் குடுத்தா இது இன்ன செடிதான்னு பார்த்து சொல்ற ஒரு மேசையாவது அங்க போடலாம், பெரிய செலவு இல்ல. ஈயம், பாதரசம், பூஞ்சை பார்க்கிறது அடுத்த கட்டம்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். இனிமே மூலிகை கட்டுரை போட்டா செடியோட தாவரவியல் பேரும் தெளிவான படமும் போடுங்க, எந்தப் பாகம், என்ன அளவு, சோதனை எலி மேல நடந்துச்சா மனுஷங்க மேலயா, எத்தனை பேர்னு எழுதச் சொல்லுங்க. காமாலை கண்டவங்க முதல்ல ரத்தம் சோதிச்சு என்ன காமாலைன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரு பெட்டிச் செய்தியும் அதே பக்கத்துல வரணும், அடுத்த இதழ்லயே போட்டா கூட சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி