ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பேச்சுப் போட்டித் தலைப்புகளில் ஃபாத்திமா பீவி பெயரைப் பார்த்துவிட்டு, "யார் டீச்சர் இது, நம்ம நாட்டு ஆளா?" என்று சிலர் கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்திக் கேட்டீர்கள். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு ஆளுநர் என்றதும் ஒருவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது, ஜெயலலிதாவை ஆட்சியமைக்க அழைத்துச் சர்ச்சையானதே, பிறகு பதவி விலகினாரே, அவர்தானே என்றார். அவரேதான். அந்த அரசியலைப் பெரியவர்கள் சாப்பாட்டுக் கடையில் பேசிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பேசப்போவது அதற்கு முந்தைய கதை.

1927இல் கேரளாவின் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். வேதியியல் படித்தவர், அதிலேயே மேலே போகத்தான் ஆசை. அவருடைய அப்பாதான் பிடிவாதமாக, நீ சட்டம் படி என்றார். திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண்மணி 1937லேயே முன்சீப், அதாவது கீழ் நீதிமன்ற நீதிபதி, ஆகியிருந்தார், அவரைப் பார்த்து அப்பாவுக்கு வந்த துணிச்சல் அது. மகளும் லேசுப்பட்டவர் இல்லை, பார் கவுன்சில் தேர்வில் முதலிடம், தங்கப் பதக்கம்.

1950இல் வக்கீலாகப் பதிவு செய்கிறார். இந்திய உச்ச நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அங்கே ஒரு பெண் நீதிபதி போய் உட்கார 1989 வரை ஆனது, அந்தப் பெண் இவர்தான்! நடுவில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை: 1958இல் முன்சீப், 1968இல் சார்பு நீதிபதி, 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர் நீதிமன்றம். அங்கே ஓய்வு பெற்று, சரி இனி வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கும் வயதில் டெல்லியிலிருந்து அழைப்பு.

நம் நாட்டுக்காரர் வேண்டும் என்றால், அதே 1983இல் இங்கே மலேசியாவில் சித்தி நோர்மா யாக்கோப் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார், 2019இல் தெங்கு மைமுன் நாட்டின் தலைமை நீதிபதியாகவே வந்துவிட்டார். அந்தத் தலைப்பையும் எடுக்கலாம்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், ஆறாம் ஆண்டு முடிவில் இருந்த யூ.பி.எஸ்.ஆர் தேர்வு ரத்தானதிலிருந்து ஆறாம் ஆண்டு என்றாலே சும்மா ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு நம்மில் சிலருக்கு வந்திருக்கிறது. அதிலும் பெண் பிள்ளை என்றால், "அஞ்சாம் படிவத்துல எஸ்.பி.எம் பரீட்சை முடிச்சுட்டு பெக்டரி வேலைக்குப் போனா போதும் டீச்சர்" என்று அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறீர்கள். அது தலையைக் குனிந்துகொண்டு காலணியைத் தரையில் தேய்க்கிறது. தயவுசெய்து அதன் காதுபட அப்படிச் சொல்லாதீர்கள், வேறு எதைச் சொல்வது என்று தெரியாவிட்டால் என்னிடம் வந்து பேசுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு இடைநிலைப் பள்ளியின் படிவம் 1 பற்றிய கூட்டம். அம்மாக்கள் எப்போதும் வருகிறீர்கள், நன்றி. இந்த முறை அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும். செம்பனை மில்லில் காலை ஷிப்ட் உள்ளவர்கள் வகுப்பாசிரியருக்கு வாட்சாப்பில் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு மட்டும் மாலை 5 மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை