ஒரே சோலார் தகடு, இரண்டு பருவம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, கோயில் தர்மகர்த்தா அவர்களே, தாய்மார்களே, சங்க உறுப்பினர்களே! அனைவருக்கும் வணக்கம். பர்மாவின் மோன் மாநிலத்தில், தட்டோனில் உள்ள நம் தமிழர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் படிக்கிறேன்.

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. ஆடியில் மட்டும் ரோட்டில் தண்ணீர் நின்றதால் கூட்டம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. மார்ச் 28இல் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது அரிசியும் துணியும் திரட்டி அனுப்பினோம். பங்குனி உத்திரக் காவடியும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவற்றை இத்தோடு விடுகிறேன். இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியது எண்ணெயையும் கரண்டையும்தான். அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டின் யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளின் மண்ணெண்ணெய் ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. நம் தாத்தாமார் எதிர்த் திசையில் கப்பலேறி வந்த காலம் அது. இன்று பெட்ரோலும் டீசலும் பெரும்பாலும் சிங்கப்பூர் வழியாக நமக்கு வருகின்றன. டாலர் ஏறினால் பெட்ரோல் பங்கில் விலை ஏறுகிறது, கப்பல் தாமதித்தால் வரிசை நீள்கிறது. கரண்டு விஷயமும் தெரிந்ததே. நம் தட்டோனிலேயே எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 2013இல் உலக வங்கி 14 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. ஆனால் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் வீட்டுக்கு முதலில் கரண்டு வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முறைவைத்து வருகிறது, சில நாள் முறை தவறியும் வருகிறது.

இரண்டு மூன்று ஏக்கர் நெல், கொஞ்சம் ரப்பர், ஒரு வெற்றிலைக் கொடிக்கால், இரண்டு மாடு என்று வைத்திருக்கும் குடும்பம், கையிலிருக்கும் காசை எதில் போடுவது? குழுவில் இதற்காக வாய்ச்சண்டை நிறைய நடந்தது. சிலர் சோலார் என்றார்கள், சிலர் மின்வண்டி என்றார்கள், ஒருவர் கடைசிவரை ஜெனரேட்டரை விடவில்லை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். ஒரு யூனிட் கரண்டு எந்த வேலையில் அதிக எண்ணெயை மிச்சம் பிடிக்கிறதோ, முதல் காசு அந்த வேலைக்கே.

கணக்கைச் சொல்கிறேன். 5 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டில் 200 மணி நேரம் எரியும். அத்தனை நேரம் திரி விளக்கு எரிய நாலு லிட்டர் அளவுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மின் மோட்டார் சைக்கிள் ஒரு யூனிட்டில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். அதே தூரத்துக்குச் சாதாரண மோட்டார் சைக்கிள் அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். தண்ணீர் இறைப்பதில் ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டரை ஒட்டித்தான் டீசல் மிஞ்சும். ஆக விளக்கு, வண்டி, பம்பு என்பது வரிசை. ஜெனரேட்டர் ஐயாவுக்கும் ஒரு பதில் உண்டு. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு யூனிட் தரும். அதை வைத்து மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினால், அந்த லிட்டரை நேரே பெட்ரோல் வண்டியில் ஊற்றிப் போகும் தூரத்தையே போகலாம். புகையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததுதான் மிச்சம்.

விளக்கு வேலை சுலபமாக முடிந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்பே, குளிர்ச்சி இருக்கும்போதே மரத்துக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அவர்களுக்காகச் சார்ஜ் ஏற்றும் தலைவிளக்குகளை மொத்தமாக வாங்கினோம். செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்காகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டுமே நம் நிபந்தனை. 18650 என்று எண் போட்ட செல் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். செல்லை உள்ளே வைத்து மூடி ஒட்டிவிட்ட விளக்கு இரண்டாம் வருடம் குப்பைக்குத்தான் போகும்.

வண்டிக்கு வருவோம். பகானில் சுற்றுலாக்காரர்கள் கோபுரம் கோபுரமாகச் சுற்றுவது மின் சைக்கிளில்தான், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே ஜாதி வண்டிதான் இப்போது நம் தெருக்களிலும் ஓடுகிறது. முதலில் வாங்கியவர்கள் பெண்கள். சந்தைக்குக் கீரை கொண்டுபோகிற அக்காக்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுகிற தாய்மார்களும் தினம் இருபது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பேட்டரி வண்டி புதிதாக இருக்கும்போது ஒரு சார்ஜில் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும். பேட்டரி வயதாகி ஓட்டம் பாதியானாலும் அவர்கள் வேலை கெடாது. ஆண்கள் மாநிலத் தலைநகர் மோல்மீன்வரை போய்வர வேண்டுமே என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது, மோல்மீனுக்குப் பெட்ரோல் வண்டியோ பஸ்ஸோதான் சரி. ஆனால் அன்றாடம் டீக்கடைக்குப் போவதற்கு மோல்மீன் தூரத்தைக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்வண்டி வாங்குகிறவன் உண்மையில் வாங்குவது பேட்டரியைத்தான். ஈயப் பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் நம்மூர் வெப்பத்தில் இரண்டு வருடம் தாங்குவதே பெரிது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம், இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். கை விலை அதிகம், வருடக் கணக்கில் மலிவு. ஆனால் லித்தியம் என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் லித்தியம் அல்ல. நம் உறுப்பினர் ஒருவர் வெளியூர்க் கடை ஒன்றில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று போட்ட பெட்டியை வாங்கி வந்தார். ஒற்றைக் கையால் தூக்கி ஆட்டிக் காட்டினார். எனக்கு அப்போதே சந்தேகம். அந்த அளவுள்ள லித்தியம் பெட்டி பத்துக் கிலோவாவது எடை இருக்கும். முழுச் சார்ஜ் ஏற்றி 50 வாட் பல்பைப் போட்டோம். ஒரு முழு நாள் எரிய வேண்டிய விளக்கு சாமக்கோழி கூவும் முன்பே அணைந்தது. கடைக்காரர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அதிலிருந்து சங்கத்தில் ஒரு தராசும் ஒரு 50 வாட் பல்பும் வைத்திருக்கிறோம். பேட்டரி வாங்குகிற எவரும் காசு கொடுக்கும் முன் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளலாம். கடைக்காரர் சோதிக்க விடமாட்டேன் என்றால் அதுவே சோதனை முடிவு.

பொதுவில் வாங்கிய மூன்று சக்கரச் சரக்கு மின்வண்டியைப் பற்றிப் பாராட்டும் வந்தது, புகாரும் வந்தது. வெற்றிலை, பாக்கு, காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோக நன்றாக உழைத்தது. தனித்தனியாகத் தோலாஜி என்னும் டீசல் உழவு வண்டியைக் கிளப்பி டீசலைக் கொளுத்திய குடும்பங்கள் இப்போது ஒரே நடையில் சரக்கை அனுப்புகின்றன. மழைக்காலத்தில்தான் தகராறு. செம்மண் சரிவில் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி ஏறவில்லை. வெள்ளத்தில் ஓட்டிப் போன ஒரு நாளில் சக்கர மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சைக்கிள் கடைத் தம்பி பிரித்துக் காயவைத்து, பேரிங் மாற்றி, ஒயர் உள்ளே போகிற துளையை அடைத்துக் கொடுத்தார், அவருக்குச் சங்கத்தின் நன்றி. இனி அச்சாணிக்கு மேல் தண்ணீர் நிற்கும் ரோட்டில் சங்க வண்டி போகாது. அந்த நாட்களுக்குத் தோலாஜிதான். ஓடுகிற தோலாஜியை விற்றுவிட்டு மின்வண்டி வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உழவுக்கும் அதுவே வேண்டும், இருக்கிற இரும்பைத் தேய்கிற வரை ஓட்டுவதும் சிக்கனம்தான். சந்தை நடையை மட்டும் அதனிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது சோலார். விற்க வருகிறவர்கள் எல்லோரும் மாசி பங்குனியில் வந்து வெயிலைக் காட்டி விற்கிறார்கள். நம் மோன் மாநிலத்தில் கூரையைத் தீர்மானிப்பது மழை. மோல்மீனில் வருடத்துக்கு 4,800 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுகிறது, அதில் பெரும்பகுதி வைகாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவில். 550 வாட் தகடு ஒன்று பங்குனியில் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் தரும். ஆடி அடைமழையில் ஒரு யூனிட் கிடைத்தால் நல்ல நாள். நாலு விளக்கு, ஒரு விசிறி, போன்கள், தினம் இருபது கிலோமீட்டர் மின்வண்டி என்றால் வீட்டுக்கு ஒன்றேகால் யூனிட்டாவது வேண்டும். பங்குனிக்கு ஒரு தகடு போதும், ஆடிக்கு இரண்டும் இழுபறி.

இந்த இடத்தில்தான் கொடிக்கால் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் நல்ல யோசனை சொன்னார். பம்புக்குத் தண்ணீர் வேலை மார்கழி முதல் சித்திரை வரை. மழை வந்தால் பம்பும் தகடும் சும்மா கிடக்கின்றன. வீட்டுக்குத் தகடு போதாத காலமும் அதுவே. ஒரு குதிரைத்திறன் சோலார் பம்புக்கு 550 வாட் தகடு இரண்டு சரியாக இருக்கும். பேட்டரியே வேண்டாம், பகலில் இறைத்துத் தொட்டியில் நிரப்பினால் போதும். அந்த இரண்டு தகட்டையும் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, வைகாசியில் நாலு பேர் தூக்கி வந்து வீட்டுக்கு மாற்றினார். கார்த்திகையில் திரும்பக் கொடிக்காலுக்குப் போனது. வெயில் காலத்தில் வீட்டு விளக்குக்கு ஒரு சிறு தகடு, வண்டிக்கு வருகிற நேரத்துக் கரண்டு. இதைப் பார்த்து மற்றக் கொடிக்கால்காரர்களும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த ஆண்டு நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோடை நெல்லுக்கு இந்தப் பம்பு காணாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாற்றுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தொடராக இணைத்த இரண்டு தகட்டில், பளு இல்லாதபோது 100 வோல்ட் வரை நிற்கும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கும் மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்குத் தாங்காமல் கருகும். 150 வோல்ட் தாங்கும், தகட்டின் வோல்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி பெட்டியே வேண்டும். இன்னொன்று, பெரிய தகட்டை, அப்படி மாற்றித் தராத மலிவான பிடபிள்யூஎம் பெட்டி வழியாக 12 வோல்ட் பேட்டரியில் சேர்த்தால் 550 வாட்டில் 200 வாட்கூட பேட்டரிக்குப் போய்ச் சேராது. தகட்டில் காசு போட்டுவிட்டுப் பெட்டியில் மிச்சம் பிடிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தகட்டைத் தெற்குப் பார்த்துப் பதினைந்து இருபது பாகைச் சாய்வில் வையுங்கள், மழையே கழுவிவிடும். கொடிக்காலில் இரவுக் காவல் யார் என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

அடுப்பு பற்றிச் சுருக்கமாக. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு கூடை நெல் 46 பவுண்டு என்றால் ஒன்பது பவுண்டு உமி. மில்லில் குவிந்து கிடக்கிறது, உமி அடுப்பை மறந்துவிட்டு விறகு விலைக்கு வாங்குவது எனக்குப் புரியாத விஷயம். உமியிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்யும் எந்திரம் வைக்கலாமா என்று ஒரு விண்ணப்பம் வந்தது. ஒரு யூனிட்டுக்கு இரண்டு கிலோ உமி வரை பிடிக்கும், அது பரவாயில்லை. வாயுவைக் கழுவி வரும் தார் கலந்த கருப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதற்கு விண்ணப்பத்தில் பதில் இல்லை. ஓடையில் விடச் சங்கம் சம்மதிக்காது. சாண எரிவாயுக்கு இரண்டு மாட்டுச் சாணம் இருபது கிலோ கிடைத்தால் ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வாயு வரும். காலைச் சமையலுக்குத் தாராளம், மாலைக்கு இழுபறி. மாட்டைக் கொட்டிலில் கட்டி வளர்ப்பவர்களுக்குத்தான் இது. மேய்ச்சலுக்கு விடுகிறவர்கள் சாணம் பொறுக்கியே ஓய்ந்துபோவார்கள்.

மின்கார் வாங்க ஏன் சங்கம் உதவவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2022 கடைசியில் மின்கார்களுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது உண்மை, ரங்கூனில் அவை ஓடுவதும் உண்மை. ஒரு கார் விலையில் தெரு முழுக்க மின் சைக்கிள் வாங்கலாம். முப்பது யூனிட் பேட்டரியை ஒரு தகட்டால் நிரப்ப வெயில் காலத்திலேயே இரண்டு வாரம் ஆகும். தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கார் வரட்டும், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்போம்.

வரும் ஆண்டுக்குக் குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. உறுப்பினர்களுக்குச் சங்கம் தரும் சுழல்நிதிக் கடனில் ஈயப் பேட்டரிக்கு ஒரு வருடம், லித்தியத்துக்கு மூன்று வருடம் எனத் தவணை வைப்பது. பேட்டரி செத்த பிறகும் கடன் கட்டும் நிலை அப்போதுதான் வராது. பழைய ஈயப் பேட்டரிகளைக் கோயில் கொட்டகையில் சேர்த்து மொத்த வியாபாரியிடம் கொடுப்பது. வீட்டுக் கொல்லையில் உடைத்து ஈயம் உருக்குவதை அறவே நிறுத்த வேண்டும், அந்தப் புகை பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது. சைக்கிள் கடைத் தம்பியிடம் இரண்டு பிள்ளைகளை மோட்டார், பேட்டரி வேலை பழக அனுப்புவது, அதில் ஒருவராவது பெண்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது மகளிர் குழுவின் கோரிக்கை.

சரக்கு வண்டியின் முறைப்பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அறுவடை வாரங்களில் தேதி மாற்ற விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பொருளாளர் கணக்கு வாசித்த பின் தீர்மானங்கள் ஓட்டுக்கு வரும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்