ஒளிபரப்பும் முன் கடைக்காரருக்கு ஒரு முறை காட்டுங்கள்

காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், அதே பாணியில் நிகழ்ச்சி எடுக்க முனைவோருக்கும்,

வணக்கம். 2013 பிப்ரவரியில் தொடங்கி 2017 நவம்பரில் நிறைவுற்ற, சிறு கடைக்காரர்களைத் தேடிப்போய் விசித்திரமான வியாபார யோசனைகள் சொல்லும் ‘நேதன் ஃபார் யூ’ நகைச்சுவைத் தொடரின் நான்கு பருவங்களையும் அண்மையில் மறுபடியும் பார்த்து முடித்தேன். பல இடங்களில் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயினும், மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதியவன் என்பதால், கடைக்காரர் பக்கம் நின்று சில சொற்கள் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், கனடாவின் சிறந்த வணிகப் பள்ளிகளுள் ஒன்றில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியவன் என்று தொடரை நடத்தும் நகைச்சுவையாளர் நேதன் ஃபீல்டர் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். அப்போது திரையில் காட்டப்படும் மதிப்பெண் பட்டியலோ சுமாரானது. அந்தப் பட்டியலை நேயர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். கேமராவுடன் வந்திருப்பவரை நம்பி நாற்காலியை இழுத்துப் போடும் கடைக்காரர் பார்ப்பதில்லை. தொடரின் நகைச்சுவை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முதல் பகுதியிலேயே, ஆட்களை வரவழைக்க மலச்சுவையில் தயிர் ஐஸ் விற்கலாம் என்று ஒரு கடையில் யோசனை சொல்லப்படுகிறது. வந்தவரை முகத்துக்கு நேரே ‘வேண்டாம், போங்கள்’ என்று சொல்லத் தயங்குவது எந்த ஊர்க் கடைக்காரருக்கும் தொழிலோடு ஒட்டிய பழக்கம். எங்கள் கடையிலும் அப்படித்தான்: வாங்காமல் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவருக்கும் என் தந்தை ‘சரிங்க, பார்க்கலாம்’ என்றுதான் சொல்லி அனுப்புவார். அந்தப் ‘பார்க்கலாம்’ சம்மதம் ஆகாது என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். படத்தொகுப்பு அறையில் அது சம்மதமாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் உறுத்தியது பெட்ரோல் பங்க் பகுதி. விலைத் தள்ளுபடியைப் பெற வேண்டுமானால் மலையேறிப்போய் அங்குள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்பது திட்டம். வந்தவர்களில் சிலர் இரவு மலையிலேயே தங்கி மனம்விட்டுப் பேசியது, இத்தொடரின் மிக அழகான காட்சிகளுள் ஒன்று என்பேன். ஆனால் அதே பகுதியில், சிறுவனின் சிறுநீரைக் குடித்தால் பயம் தெளியும் என்று பங்க் உரிமையாளர் தம் நம்பிக்கையொன்றை வெள்ளந்தியாகச் சொல்கிறார். நேதன் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் தோண்டுகிறார். அந்த உரையாடலுக்கும் பெட்ரோல் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு? வீட்டுத் திண்ணையில் சொல்லும் பேச்சை நம்பிச் சொன்ன மனிதர், ஒரு துணுக்காக இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

கேலியே கூடாது என்பவன் அல்லன் நான். போட்டிக் கடை எந்த விலைக்கு விற்றாலும் அதே விலைக்குத் தருவோம் என்ற பெஸ்ட் பை எனும் பெரிய அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் விற்பனை நிறுவனத்தின் வாக்குறுதியைச் சோதிக்க, சிறிய எலக்ட்ரானிக்ஸ் கடையொன்றில் ஒரு டாலருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி என்று அறிவித்துவிட்டு, அதை வாங்க வருகிறவரைத் தடுக்கக் குட்டிக் கதவும் முதலையும் வைத்தபோது, அடி விழுந்தது பெரிய நிறுவனத்தின் மீது. 2014 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் திறந்து, சில நாட்களிலேயே சுகாதாரத் துறை மூடிய, ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தைக் கேலி செய்த ‘டம்ப் ஸ்டார்பக்ஸ்’ (முட்டாள் ஸ்டார்பக்ஸ்) கடையும் அவ்வாறே. வழக்கறிஞர் படை வைத்திருப்பவரைச் சீண்டுவது வேறு, ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவரின் மரியாதையை வைத்துச் சிரிக்க வைப்பது வேறு.

கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் எடுக்கிறோம் என்பீர்கள். தம் பேச்சில் எந்த வரியை வைத்துக்கொள்வீர்கள், எந்த மௌனத்தை நீட்டுவீர்கள் என்று அறியாமல் போட்ட கையெழுத்து அது. ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். தொகுத்து முடித்த பகுதியை ஒளிபரப்புக்கு முன் உரிமையாளருக்குப் போட்டுக் காட்டி, தம் தொழிலோடு தொடர்பில்லாத சொந்தப் பேச்சை நீக்கச் சொல்லும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். 2017இல் பழைய பங்கேற்பாளர்கள் சிலரை மீண்டும் சந்தித்த சிறப்புப் பகுதியைப் போல, ஓராண்டு கழித்து ஒவ்வொரு கடைக்கும் திரும்பிச் சென்று வியாபாரம் கூடியதா, குறைந்ததா, கடை இருக்கிறதா என்பதைக் காட்டுங்கள். அந்தச் சந்திப்பிலும் கூச்சமான மௌனங்கள் நிறையக் கிடைக்கும். அம்முறை பதில் சொல்லத் திணறுகிறவர் கடைக்காரராக இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்த ஒரு நேயர்